கேட்கப்படாதவர்களின் கணக்கு

‘ஆந்த்ரபாய்ட்’ படத்தை இதுவரை மூன்று முறை பார்த்திருக்கிறேன். ஷான் எல்லிஸ் இயக்கி 2016இல் வந்த படம். மூன்று முறையும் ஒரே இடத்தில் நிறுத்தி, எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பலரும் சிலாகிக்கும் அந்தத் தேவாலயச் சண்டையில் அல்ல. படத்தின் தொடக்கத்தில், ப்ராக் நகரத்து வீடொன்றில் சிலர் உட்கார்ந்து பேசும் காட்சியில். லண்டனிலிருந்து வந்து பாராசூட்டில் குதித்த இரண்டு பேர், தாங்கள் வந்த காரியத்தைச் சொல்கிறார்கள்: ஹெய்ட்ரிக்கைக் கொல்ல வேண்டும். உள்ளூர்த் தலைமறைவு இயக்கத்தைச் சேர்ந்த வானேக்கின் முகம் மாறுகிறது. நீங்கள் கொன்றுவிடுவீர்கள், அதற்குப் பிறகு இங்கே இருக்கும் மக்களுக்கு என்ன நடக்கும் என்பதுதான் அவருடைய கேள்வி. படம் அந்தக் கேள்வியைத் தாண்டி விரைகிறது. திரில்லர் படம் விரையத்தான் வேண்டும். எனக்கு அதைத் தாண்ட முடியவில்லை.

நடந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரைன்ஹார்ட் ஹெய்ட்ரிக் 1941 செப்டம்பர் இறுதியில் ப்ராகுக்கு ஆட்சியாளராக வந்தான். வந்த சில வாரங்களிலேயே நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். ஒரு கையில் தூக்குக்கயிறு, இன்னொரு கையில் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளிகளுக்குக் கூடுதல் ரேஷன். 1942 ஜனவரி 20 அன்று யூதர்களை ஒட்டுமொத்தமாக அழிப்பதை ஒருங்கிணைக்க வான்சேயில் கூடிய கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவனும் இவன்தான். அவனைக் கொல்ல, லண்டனில் இருந்த செக் நாடுகடந்த அரசு, பிரிட்டிஷாரின் உதவியோடு இரண்டு பேரை அனுப்பியது. ஸ்லோவாக்கியரான யோசெஃப் கப்ச்சிக், மொராவியாவைச் சேர்ந்த யான் குபிஷ். 1941 டிசம்பர் கடைசியில் பனியில் குதித்தார்கள்.

1942 மே 27 காலை, லிபென் பகுதியில் ஒரு கூர்மையான வளைவு. திறந்த மெர்சிடிஸ் கார் வேகம் குறைக்கிறது. கப்ச்சிக் ஸ்டென் துப்பாக்கியை நீட்டுகிறார், அது சுடவில்லை. தப்பித்துப் போயிருக்க வேண்டிய ஹெய்ட்ரிக், காரை நிறுத்தச் சொல்லி எழுந்து நிற்கிறான். குபிஷ் எறிந்த குண்டு காரின் பின்பக்கம் வெடிக்கிறது. எட்டு நாள் கழித்து, ஜூன் 4 அன்று, காயத்தில் ஏற்பட்ட தொற்றினால் ஹெய்ட்ரிக் சாகிறான்.

அதற்குப் பிறகு லிடிட்சே. ஜூன் 10 அன்று அந்தக் கிராமத்தின் ஆண்கள் 173 பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். பெண்களை ராவன்ஸ்ப்ரூக் முகாமுக்கு அனுப்பினார்கள். குழந்தைகளில் பெரும்பாலானோர் கெல்ம்னோவில் விஷவாயுவில் கொல்லப்பட்டார்கள். வீடுகளை எரித்து, இடித்து, ஊர் இருந்த தடமே இல்லாமல் செய்தார்கள். இத்தனைக்கும் லிடிட்சேவுக்கும் அந்தப் பாராசூட் வீரர்களுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. இரண்டு வாரத்தில் லெஷாகி என்ற சிற்றூரும் அழிக்கப்பட்டது. அங்கேயாவது ரகசிய வானொலிக் கருவி ஒன்று இருந்தது.

‘பழி ஓரிடம் பாவம் ஓரிடம்’ என்று நம் ஊரில் சொல்வார்கள். இங்கே இரண்டும் எந்தெந்த இடம்?

என் நண்பரிடம் இதைச் சொன்னபோது சட்டென்று பதில் சொன்னார். “அண்ணே, இதுல யோசிக்க என்ன இருக்கு? சுட்டவன் யாரு? நாஜி. பாவம் அவனுக்குத்தான். இவங்க மேல ஏன் ஏத்துறீங்க? அப்படிப் பார்த்தா எவனும் எந்த அநியாயத்தையும் எதிர்க்கவே முடியாதே.”

சரியான பதில்தான். பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1973இல் பயன்வாதத்தை விமர்சித்து எழுதியதும் ஏறத்தாழ இந்தத் திசையில்தான் போகிறது. நான் செய்வது ஒன்று. நான் செய்ததைக் காரணமாகக் காட்டி இன்னொருவன் தன் விருப்பத்தின்படி செய்வது வேறொன்று. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடக் கூடாது. வைத்தால் என்ன ஆகும்? எவன் அதிகக் கொடூரமாக மிரட்டுகிறானோ அவனே நம் ஒழுக்கத்தின் எஜமானன் ஆகிவிடுவான். ‘நீ எதிர்த்தால் நூறு பேரைக் கொல்வேன்’ என்று அவன் சொல்லவும், எதிர்ப்பவன் கொலைகாரன் ஆகிவிடுவான். சர்வாதிகாரத்தின் ஆகப் பெரிய தந்திரம் இந்த இடமாற்றம்தான்.

இதை நான் முழுதாக ஏற்கிறேன். ஆனாலும் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். காரணம் சொந்த அனுபவம். அதை லிடிட்சேயோடு ஒப்பிடுவதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். அளவில் ஒப்பீடே கிடையாது. கேள்வியின் வடிவம் மட்டும்தான் ஒன்று.

இருபது வருஷத்துக்கு முன், கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் அலுவலகக் குமாஸ்தாவாக இருந்தேன். கோன் வைண்டிங் பகுதியில் காண்ட்ராக்டில் வேலை செய்த பெண்களுக்குச் சம்பளத்தில் பி.எஃப். பிடித்தார்கள், கட்டவில்லை. கணக்கு என் கண்ணில் பட்டது. ரத்தம் கொதித்தது. புகார் எழுதி என் பெயரில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். எனக்கு எதுவும் ஆகவில்லை, நான் பெர்மனென்ட். அடுத்த மாதம் அந்தப் பதினான்கு பெண்களுக்கும் ‘வேலை இல்லை’ என்று சொல்லிவிட்டார்கள். அவர்களில் ஓர் அக்காவைப் பல மாதம் கழித்துச் சந்தையில் பார்த்தேன். கோபமாகப் பேசவில்லை. “நீங்க கேட்டது நாயந்தானுங்க தம்பி. ஆனா எங்களையும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்லீங்?” என்றார்.

வில்லியம்ஸை அவரிடம் சொல்லியிருக்கலாம். உங்களை வேலையைவிட்டு நீக்கியது நான் இல்லையே அக்கா, அவர்கள்தானே என்று. உண்மையும் அதுதான். ஆனால் அந்த அக்கா என்னைக் குற்றவாளி என்று சொல்லவே இல்லை. அவர் கேட்டது வேறு. குற்றம் ஒரு கணக்கு. கடன் இன்னொரு கணக்கு. குற்றக் கணக்கில் என் பெயர் இல்லை. கடன் கணக்கில் இருக்கிறது. நண்பரின் பதில் முதல் கணக்கை மட்டுமே தீர்க்கிறது.

கடன் என்று ஏன் சொல்கிறேன்? 1905இல் மாஸ்கோவில் கலியாயேவ் என்ற புரட்சியாளர், கிராண்ட் டியூக் செர்கேயின் வண்டியின் மேல் குண்டு எறியக் காத்திருந்தார். வண்டியில் குழந்தைகளும் இருப்பதைப் பார்த்து எறியாமல் திரும்பிவிட்டார். இரண்டு நாள் கழித்து அந்தப் பிரபுவைக் கொன்று, பிடிபட்டு, தூக்கில் தொங்கினார். காம்யு இதை வைத்து நாடகமே எழுதினார். கலியாயேவுக்கு ஒரு வசதி இருந்தது: குழந்தைகள் கண்ணெதிரே இருந்தார்கள். லிபென் வளைவில் நின்றவர்களின் கண்ணுக்கு லிடிட்சேயின் குழந்தைகள் தெரியவில்லை. ஆனால் உள்ளூர் இயக்கத்துக்கு ஏதோ ஒரு மங்கலான உருவமாகத் தெரிந்தது. அந்த மே மாதத்திலேயே அவர்கள் லண்டனுக்கு வானொலிச் செய்தி அனுப்பினார்கள்: இதைச் செய்யாதீர்கள், பழிவாங்கல் அளவு கடந்து போகும், யாரையாவது கொன்றே தீர வேண்டுமென்றால் உள்ளூர்த் துரோகி ஒருவனைத் தேர்ந்தெடுங்கள். திட்டம் ரத்தாகவில்லை.

ஆக, ‘ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே’ என்ற அக்காவின் கேள்வி அங்கே ஒருவிதத்தில் கேட்கப்பட்டது. பதில் சொல்லும் இடத்தில் இருந்தவர்கள் தொலைவில் இருந்தார்கள்.

ஆனால் இங்கே என் வாதத்தை நானே மறித்தாக வேண்டும். லிடிட்சே மக்களை எப்படிக் கேட்பது? ஊரில் தண்டோரா போட்டா? சர்வாதிகாரம் என்பதன் பொருளே அதுதானே: மக்களை எதையும் கேட்க முடியாது, கேட்பதே மரண தண்டனைக்குரிய குற்றம். அப்படிப்பட்ட இடத்தில் எதிர்ப்பவன் எப்போதும் யாருடைய சம்மதமும் இல்லாமல்தான் எதிர்க்கிறான். சம்மதம் வேண்டுமென்று காத்திருந்தால், சம்மதம் கேட்கவே முடியாத நிலையை உண்டாக்கியவன்தான் ஜெயிப்பான்.

கரெல் சுர்தாவின் கதை இதை இன்னும் சிக்கலாக்குகிறது. அவரும் லண்டனிலிருந்து குதித்தவர்தான். கொலைகள் பெருகியபோது அம்மாவின் வீட்டில் ஒளிந்திருந்தார். ஜூன் நடுவில் பெயர் போடாமல் ஒரு கடிதம் எழுதினார்: அப்பாவிகளைக் கைதுசெய்வதை நிறுத்துங்கள், செய்தவர்கள் கப்ச்சிக்கும் குபிஷும் என்று. பிறகு தானே கெஸ்டபோ அலுவலகத்துக்குள் நடந்து போனார். துரோகி என்று எளிதாகச் சொல்லிவிடலாம். பரிசுப் பணம் வாங்கினார், போர் முடியும்வரை அவர்களுக்கு வேலை செய்தார், 1947இல் தூக்கிலிடப்பட்டார். ஆனால் அந்தக் கடிதத்தின் முதல் வாக்கியத்தையும் வானேக்கின் கேள்வியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே கவலை. இருவரையும் பிரிப்பது எது?

எனக்குப் படுவது இது. செலவாகப்போவது யாருடைய உயிர் என்ற கேள்வியில்தான் பிரிகிறார்கள். வானேக் செயலுக்கு முன்னால், தன் ஆட்களிடமே வாதாடினார். சுர்தா செயலுக்குப் பின்னால், தன் உயிரைக் காத்துக்கொண்டு, தனக்குச் சோறு போட்டவர்களின் வீடுகளைக் காட்டிக்கொடுத்தார். அந்த வீடுகளில் ஒன்று மொராவெட்ஸ் குடும்பத்தினுடையது. ஜூன் 17 விடியற்காலை கெஸ்டபோ நுழைந்தபோது மரியா மொராவ்ட்சோவா கழிவறைக்குப் போக அனுமதி கேட்டு, அங்கே சயனைடைக் கடித்தார். அவருடைய மகனைச் சித்திரவதை செய்து, தாயின் வெட்டிய தலையைக் காட்டி, வாயைத் திறக்க வைத்தார்கள். படத்தில் இந்தப் பையன் வயலின் வாசிப்பான். அவன் சொன்னதைக் காட்டிக்கொடுத்தது என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. தந்தையும் மகனும் அக்டோபரில் மௌத்ஹவுசன் முகாமில் கொல்லப்பட்டார்கள்.

மரியா கேட்கப்பட்டவர். கதவைத் திறந்தபோது என்ன வரும் என்று தெரிந்தே திறந்தார். அவருடைய மரணம் பெருந்துயரம். ஆனால் அது அவருடையது. லிடிட்சேயின் மரணங்களை அப்படிச் சொல்ல முடியாது. தியாகம் என்ற சொல்லை நாம் அவர்கள்மேல் போர்த்துகிறோம். அவர்கள் எதையும் தியாகம் செய்யவில்லை. அவர்களிடமிருந்து பிடுங்கப்பட்டது.

பலன் கணக்குப் பார்த்துச் சமாதானம் அடையலாமா? பார்க்கலாம். 1942 ஆகஸ்ட் 5 அன்று பிரிட்டன் மியூனிக் ஒப்பந்தத்துக்கு இனித் தான் கட்டுப்பட்டதில்லை என்று அறிவித்தது. செக் நாட்டை உலகம் திரும்பிப் பார்த்தது. மறுபக்கம், ஹெய்ட்ரிக் செத்ததால் யூதப் படுகொலை நிற்கவில்லை. போலந்தில் நடந்த அழிப்புக்கு அவன் பெயராலேயே ‘ரைன்ஹார்ட் நடவடிக்கை’ என்று பெயர் வந்தது. தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. குழந்தைகளை ஒரு தட்டில் வைத்துவிட்டு இன்னொரு தட்டில் ஒப்பந்தத் தாளை வைக்கும் கையை நான் நம்புவதும் இல்லை.

அப்படியானால் கொன்றது தவறா? இல்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்து, எனக்குத் துணிச்சலும் இருந்திருந்தால், எறிந்திருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எறிந்த பிறகு ‘பாவம் அவனுக்கு’ என்று கைகழுவிவிட்டுத் தூங்கியிருக்கக் கூடாது. பிற்காலப் பதிவுகள் ஒன்று சொல்கின்றன: தேவாலயத்தின் நிலவறையில் ஒளிந்திருந்தபோது கப்ச்சிக்கும் குபிஷும், பூங்காவில் உட்கார்ந்து, செய்தது நாங்களே என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு விஷம் குடிக்க யோசித்தார்களாம். மற்றவர்கள் தடுத்தார்களாம். அதனால் ஒரு கொலைகூட நின்றிருக்காது. அது அவர்களுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் யோசித்தார்கள் என்பதில்தான் எனக்கு அவர்கள்மேல் மரியாதை. குற்றம் இல்லாமலே கடனை உணர்ந்தவர்கள்.

ஜூன் 18 அன்று ஏழு பேரும் அந்தத் தேவாலயத்தில் மணிக்கணக்கில் போராடிச் செத்தார்கள். நிலவறைக்குள் தீயணைப்புக் குழாய்களால் தண்ணீர் பாய்ச்சினார்கள். ரெஸ்லோவா தெருவில் அந்தச் சின்னச் சாளரமும் அதைச் சுற்றியுள்ள தோட்டா வடுக்களும் இன்றும் இருக்கின்றன.

அந்த அக்காவுக்குச் சந்தையில் நான் என்ன பதில் சொன்னேன் என்று நண்பர் கேட்டார். எதுவும் சொல்லவில்லை. அவருடைய பையைக் கொஞ்ச தூரம் தூக்கிக்கொண்டு நடந்தேன். பஸ் வந்ததும் வாங்கிக்கொண்டு ஏறிப்போய்விட்டார். இன்னொரு முறை அப்படி ஒரு கணக்கு என் கண்ணில் பட்டால் புகார் எழுதுவேனா? எழுதுவேன். ஆனால் இந்தத் தடவை, எழுதுவதற்கு முன்னால் கோன் வைண்டிங் பக்கம் ஒரு நடை போய்விட்டு வருவேன்.