வீட்டுத் துயரும் வெளியார் செவியும்

குடும்பத் துயரை வெளியார் ஒருவரிடம் எடுத்துரைத்தல் அறமா, மானக்கேடா? இக்கேள்வியை நம்மவர் வாய்விட்டுக் கேட்பதில்லை. விடையை மட்டும் பிள்ளைகளுக்குக் கற்பித்து விடுகின்றனர். “வீட்டு விஷயம் வாசலைத் தாண்டக் கூடாது” என்பதே அவ்விடை. அது சரிதானா என்பதை ஆராய்வோம்.

எதிர்த்தரப்பின் நியாயத்தை முதலில் ஒப்புக்கொள்வோம். தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். ஒரு வீட்டுச் சண்டை மறுநாள் பால்மரக் காட்டில் பேச்சாகும். பெண்ணின் திருமணத்திற்கே தடையாகும். ஆகவே நம் முன்னோர் வாய்மூடி இருந்தது மடமையன்று. அஃது அவர்களுக்குத் தற்காப்பு. ஆயின், வம்பர்களுக்கு அஞ்சி அடைத்த கதவு, உதவ வருவோருக்கும் அடைபட்டே கிடக்கிறது. லயத்தை விட்டு நகரத்து அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த பின்னரும் அக்கதவு திறக்கவில்லை.

பதினேழு வயதுப் பிள்ளை ஒருவனை எண்ணிப் பாருங்கள். தேர்வில் தவறிவிட்டான். தந்தை வேலையிழந்து குடியில் வீழ்ந்திருக்கிறார். பிள்ளை உண்பதில்லை, உறங்குவதில்லை, யாரோடும் பேசுவதில்லை. வீட்டார் என்ன செய்கின்றனர்? சோம்பேறி என்கிறார் ஒருவர். கண்ணேறு என்கிறார் மற்றொருவர். மந்திரவாதியிடம் தாயத்து வாங்கக் காசு கிடைக்கிறது. நால்வர் புத்திமதி கூறுகின்றனர், ஒருவரேனும் “உனக்கு என்னப்பா வருத்தம்?” என்று கேட்டுவிட்டு, விடை வரும்வரை பொறுத்திருப்பதில்லை.

அவ்வாறு பொறுத்திருந்து கேட்பதையே ஒரு கலையாகவும் ஒழுங்காகவும் பயின்றவர் மனநல ஆலோசகர். வியன்னா நகரில் 1880ஆம் ஆண்டில் தொடங்கி மருத்துவர் பிராயர் ஓர் இளம்பெண்ணுக்குச் சிகிச்சை செய்தார். தன் துயரங்களைச் சொல்லச் சொல்ல வேதனை தணிவதைக் கண்ட அப்பெண்ணே அதற்குப் ‘பேச்சுச் சிகிச்சை’ என்று பெயரிட்டார். பிராயரும் பிராய்டும் 1895இல் அதனை நூலில் எழுதினர். அவர் உடனே குணமடைந்துவிடவில்லை. பின்னும் சில காலம் மருத்துவ விடுதிகளில் தங்க நேர்ந்தது. எனினும் பெர்த்தா பாப்பன்ஹைம் என்னும் அம்மாதரசியே 1904இல் யூதப் பெண்களுக்கென ஒரு சங்கம் கண்டு, ஆதரவற்ற பெண்களுக்காக உழைத்தார். பேச்சு மாயமந்திரமன்று, மெல்ல வேலை செய்யும் மருந்து என்பதற்கு இதுவே சான்று.

பிற்காலத்தில் அமெரிக்காவில் மினுச்சின் போன்றோர், பிள்ளையை மட்டும் அழைத்துப் பேசுவதோடு நில்லாமல், முழுக் குடும்பத்தையும் ஒன்றாக அமர்த்திப் பேசலாயினர். பிள்ளையின் நோயில் வீட்டின் நோயும் கலந்திருக்கக்கூடும் என்பது அவர்கள் கண்ட உண்மை.

“பெற்ற தாயைவிட அந்நியருக்கு அக்கறை மிகுதியோ?” என்று சிலர் கேட்கலாம். இல்லை. தாய்க்கு அன்பு மிகுதி. அதனாலேயே அவள் மனம் புண்படுமென அஞ்சிப் பிள்ளை அவளிடம் மறைக்கிறான். ஆலோசகரோ வழக்கில் வாதியுமல்லர், பிரதிவாதியுமல்லர், நீதிபதியுமல்லர்.

“மகன் கூறியதைத் தந்தைக்கு மறைப்பது வஞ்சனை ஆகாதா?” இது கடினமான கேள்வி. உயிருக்கு ஆபத்து என்று கண்டால் ஆலோசகர் உரியவர்க்கு அறிவித்தே தீரவேண்டும். இதனை முன்கூட்டியே பிள்ளையிடம் சொல்லிவிடுதல் முறை. மற்றவற்றில் இரகசியம் காப்பதே அறம். காக்கப்படாது எனத் தெரிந்தால் பிள்ளை வாய் திறவான். பிறகு தந்தைக்கும் ஒன்றும் கிட்டாது.

பேச்சு உலையில் அரிசியாகுமா என்பாரும் உண்டு. ஆகாது. குறைந்த கூலிக்கும் வீடின்மைக்கும் மருந்து வேறு. அநீதியைப் பொறுத்துக்கொள் என்று போதிப்பவர் ஆலோசகரே அல்லர். ஆனால் மனமொடிந்தவன் உரிமை கேட்க எழுந்து நிற்பதெங்ஙனம்?

தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக் குற்றவாளி எனத் தண்டித்த சட்டம் இவ்விரு நாடுகளிலும் இருந்தது. சிங்கப்பூரில் 2020இலும் மலேசியாவில் 2023இலும் அது நீங்கிற்று. சட்டமே மனமிரங்கிய பின், பெற்ற வீடு மட்டும் பிள்ளையைக் குற்றக் கூண்டில் நிறுத்தலாமா?

உதவி தொலைவில் இல்லை. சிங்கப்பூரில் 1969 முதல் சமாரித்தன்ஸ் அமைப்பும், கோலாலம்பூரில் 1970 முதல் பெஃப்ரெண்டர்ஸ் அமைப்பும் துயருற்றோர்க்குச் செவி கொடுத்து வருகின்றன. மலேசியாவின் 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டம், பதிவு பெற்றோரே இத்தொழிலைச் செய்யலாம் என்கிறது. இடைநிலைப் பள்ளிகளிலும் ஆலோசக ஆசிரியர் உளர். பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். அழைத்தால் நீங்களும் சென்று உட்காருங்கள்.

வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும் என்பது நம் பழமொழி. வாய்விட்டு அழவும் நம் பிள்ளைகளுக்கு இடங்கொடுப்போமாக. மானம் காப்பதற்காகப் பிள்ளையை இழந்த வீட்டில், காத்த மானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?