குழந்தையோடு வகுப்புக்கு வரலாம்



இன்றைய நற்செய்தியில் சிலர் சிறு பிள்ளைகளை இயேசுவிடம் கொண்டு வருகிறார்கள். சீடர்கள் அவர்களை அதட்டுகிறார்கள். சீடர்கள் கெட்டவர்கள் அல்லர். போதகர் களைத்திருக்கிறார், கூட்டம் நெருக்குகிறது, ஒழுங்கு வேண்டாமா என்று எண்ணியிருப்பார்கள். ஆனால் இயேசு கோபம் கொண்டார் என்று மாற்கு எழுதுகிறார். பரிசேயர்மீது அல்ல, தம்மோடு உண்டு உறங்கிய சீடர்கள்மீது.

இப்பகுதியை வாசிக்கும்போதெல்லாம் அருட்சகோதரி மேரி கென்னத் கெல்லர் என் நினைவுக்கு வருகிறார். 1913-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் பிறந்தவர். 1932-இல் தூய கன்னி மரியாவின் அன்புச் சகோதரிகள் சபையில் சேர்ந்து, 1940-இல் வார்த்தைப்பாடு கொடுத்தார். சிகாகோவின் டிபால் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்தார். 1965-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் அவருக்குக் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் அளித்தது. அத்துறையில் அந்தப் பட்டம் பெற்ற முதல் அமெரிக்கப் பெண் அவரே. அப்போது அவருக்கு வயது 51.

ஒரு கணினி ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நின்ற காலம் அது. கணினி உருவாக்கும் வடிவங்களிலிருந்து பொதுவிதியை உய்த்தறிவது எப்படி என்று அவர் ஆராய்ந்தார். கன்னியருக்கு இதெல்லாம் எதற்கு என்று யாரேனும் கேட்கலாம். கல்வி கொடுப்பதே அவருடைய சபையின் பணி. புதிதாய் வந்த அறிவு பெண்பிள்ளைகளுக்கும் போய்ச் சேர வேண்டாமா?

பட்டம் பெற்ற கையோடு, டுபியூக் நகரில் தம் சபை நடத்திய கிளார்க் கல்லூரிக்கு வந்தார். அன்று அது பெண்கள் கல்லூரி. அங்கே கணினித் துறையைத் தொடங்கி, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தலைமையேற்று நடத்தினார். 1985-இல் இறைவனடி சேர்ந்தார்.

அவர் வாழ்வில் என் மனத்தை மிகவும் தொடுவது அந்தப் பட்டம் அல்ல. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க வந்த தாய்மாரிடம், கைக்குழந்தையையும் வகுப்புக்குத் தூக்கி வரும்படி ஊக்கப்படுத்தினார். குழந்தை அழும், பாடம் தடைபடும் என்பது ஆசிரியரான அவருக்குத் தெரியாதா? பாடம் சற்றுத் தடைபட்டால் மறுபடி சொல்லிக்கொடுக்கலாம்; வாசலோடு திரும்பிப் போன தாய் மறுபடி வருவாளா? பிள்ளை பெறாத துறவி, பிள்ளை பெற்றவளின் பாரத்தைத் தம் வகுப்புக்குள் ஏற்றுக்கொண்டார். நம் ஆண்டவர் சீடர்களிடம் எதிர்பார்த்ததும் இதைத்தான் என்று நான் உறுதியாய் நம்புகிறேன்.

நம் பங்கிலும் நன்றாகப் படித்துக்கொண்டிருந்து, திருமணமும் குழந்தையும் ஆனதும் நிறுத்திக்கொண்ட பெண்கள் இருக்கிறார்கள். படிப்பை நிறுத்தச் சொன்னவர்களும் அன்பானவர்கள்தாம். குடும்பம் ஒழுங்காக நடக்கட்டும் என்றுதான் சொன்னார்கள். கணவர்மாரே, மாமியார்மாரே, உங்கள் வீட்டுப் பெண்ணிடம் இன்று வீடு திரும்பியதும் கேளுங்கள்: விட்ட படிப்பைத் தொடர ஆசையா என்று. ஆம் என்றால், அவள் படிக்கும் நேரத்தில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்பதை இரவு உணவுக்கு முன்பே பேசி முடிவெடுங்கள்.