கொன்றவனின் நோக்கமும் கொலையுண்டோரின் இரவும்

சாயல்குடிக் கடைத்தெருவில் ஒரு மாலை, அஸர் தொழுகை முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, பேச்சு பிடிபடாத கொலைகாரர்களின்பால் திரும்பிற்று. இத்தகைய பேச்சுக்கு எப்போதும் ஒரு சுவை உண்டு. ‘யார் அவன்?’ என்று தொடங்கி, ‘ஏன் கொன்றான்?’ என்பதில் வந்து நிற்கும். அந்தச் சுவை நேர்மையானதுதானா என்பதே இங்கு நாம் சிந்திக்க வேண்டிய பொருள்.

1989 ஜூன் தொடங்கி ஏறத்தாழ ஆறு மாதங்களில், கல்கத்தாவின் நடைபாதைகளில் உறங்கிக் கிடந்த 13 பேர் தலையில் பாறாங்கல் போடப்பட்டு மாண்டனர். அதற்கு முன்பே, 1985 முதல், பம்பாயின் சயான், கிங்ஸ் சர்க்கிள் வட்டாரங்களில் 12 பேர் அவ்வாறே கொல்லப்பட்டிருந்தனர். கல்கத்தாப் பத்திரிகைகள் கொலைகாரனுக்கு ‘ஸ்டோன்மேன்’ என்று பெயர் சூட்டின. அவன் ஒருவனா, பலரா என்பது இன்றளவும் துலங்கவில்லை. இதில் ஒரு விந்தையைக் காணுங்கள். ஊர் பேர் தெரியாத கொலைகாரனுக்குப் பெயர் கிடைத்தது. மாண்டவர்களிற் பலர் பெயரின்றியே மண்ணுக்குள்ளும் நெருப்புக்குள்ளும் சென்றனர்.

இதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன், 1888இல், லண்டனின் ஒயிட்சேப்பல் பகுதியில் ஆகஸ்ட் இறுதி முதல் நவம்பர் வரை ஐந்து பெண்கள் கொல்லப்பட்டனர். ‘ஜாக் தி ரிப்பர்’ என்னும் பெயர், செய்தி நிறுவனம் ஒன்றுக்கு வந்த கடிதத்தின் கையொப்பம். அக்கடிதம் ஒரு பத்திரிகையாளரின் கைவேலையே என்று காவல்துறை உயர் அதிகாரிகள் பின்னாளில் கருதினர். ஆக, அந்தப் பெயரும் பெரும்பாலும் நம் சுவைக்காகப் படைக்கப்பட்டதே.

நோக்கம் என்ன? பொருளாசை என்போமாயின், நடைபாதையில் உறங்குவோனிடம் கொள்ளையிட என்ன இருந்தது? பகை என்போமாயின், முன்பின் அறியாதவரிடம் ஏது பகை? பித்து என்கிறோம். ‘எங்களுக்குத் தெரியவில்லை’ என்பதைக் கௌரவமாகச் சொல்லும் சொல்லன்றோ அது! அதில் நமக்கோர் ஆறுதலும் இருக்கிறது. அவன் பித்தனாயின் நாம் தெளிந்தவர்கள். அவன் அரக்கனாயின் நாம் மனிதர்கள்.

நிய்யத்தைக் கொண்டு செயலை எடைபோடக் கற்றவர்கள் நாம். ஆதலின் நோக்கத்தைத் தேடுவது நமக்கு இயல்பே. ஆயினும் பிறர் நெஞ்சைத் திறந்து பார்க்கும் அதிகாரம் நமக்கு அளிக்கப்படவில்லை. அந்த வெற்றிடத்தை ஊகத்தால் நிரப்பும்போது, நிரப்புவது பெரும்பாலும் நம் வெறுப்பே. 1888இல் லண்டன் மக்களின் ஐயம் ஏழை யூதக் குடியேறிகள் மேல் பாய்ந்தது. ஜான் பைசர் என்னும் யூதச் செருப்புத் தொழிலாளி பிடிக்கப்பட்டு, கொலை நேரங்களில் வேறிடத்தில் இருந்தமை தெளிவானபின் விடுவிக்கப்பட்டார். செப்டம்பர் 30ஆம் நாள் யூதரைக் குறித்த சுவரெழுத்து ஒன்று காணப்பட்டபோது, கலவரம் மூளும் என்று அஞ்சிய காவல் ஆணையர் சார்லஸ் வாரன், அதனைப் புகைப்படம் எடுக்குமுன்பே அழிக்கச் செய்தார். ஊகம் ஒரு சமூகத்தின் வாசற்படியில் போய் நிற்பதற்கு எவ்வளவு குறைந்த நேரம் போதும் என்பதை நாம் அறியாதவர்கள் அல்லர்.

‘நோக்கத்தை ஆராயாமல் குற்றவாளியைக் கண்டுபிடிப்பதெப்படி?’ என்று கேட்கலாம். சரியான கேள்வி. துப்பறிவோருக்கு அது கருவி. நீதிமன்றத்துக்கு அது தேவை. ஆனால் நூறாண்டு கழிந்தும் அதனைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கும் நமக்கு அது எதற்கு? நாம் ஆராயாமல் விட்டது வேறொன்று. மேரி ஆன் நிக்கல்ஸ், ஆனி சாப்மன் என்னும் இருவரும், படுக்கைக் கூலி கையில் இல்லாமையால், கொலையுண்ட இரவில் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள். இதில் மர்மம் ஏதுமில்லை, விசாரணையிலேயே பதிவானது. மர்மமில்லாததனாலேயே அது நம்மை ஈர்க்கவில்லை போலும்.

அன்று தேநீர்க்கடையில் எங்கள் பேச்சை ஒரு பெரியவர் கேட்டுக்கொண்டிருந்தார். மழை பொய்த்த ஆண்டொன்றில் ஊரைவிட்டுப் பம்பாய்க்குப் போனவர். அந்நாளில் சயானில் ஒரு கடைவாசலில் உறங்கியவர். கொலைகாரன் எதற்காகச் செய்திருப்பான் என்று அவரிடமும் கேட்டேன்.

“கல்லைப் போட்டவன் எதுக்குப் போட்டான்னு எனக்குத் தெரியாது தம்பி. நான் எதுக்கு அங்கே படுத்திருந்தேன்னு எனக்குத் தெரியும். அதை ஒருத்தரும் கேக்கலை” என்றார்.

எங்களிடம் பதிலில்லை.

இதனாற் கொலைகாரனின் பழி குறைந்துவிடுமா? ஒருபோதும் இல்லை. கல்லைத் தூக்கிய கை அவனுடையது. அதன் கணக்கும் அவனுடையதே. ஆனால் கூரையில்லாமல் ஒருவனை வீதியில் கிடத்திய கணக்கு வேறு. அதில் பலருக்குப் பங்குண்டு. ஒரு கணக்கைக் காட்டி மற்றொன்றைத் தீர்த்துவிட இயலாது. கொலைகாரனின் நோக்கத்தை அறிய நமக்கு வழியில்லை. இன்றிரவும் பேருந்து நிலையங்களிலும் கடைவாசல்களிலும் உறங்கப்போகிறவர்களின் காரணத்தை அறிய ஆய்வாளர் எவரும் வேண்டியதில்லை. அருகில் அமர்ந்து கேட்டால் அவர்களே சொல்வார்கள்.