என்னைக் கழித்துவிட்டு

வியாழக்கிழமை ராத்திரி பதினொன்றரை மணி. மறுநாள் காலை பத்துக்குள் கட்டுரை போயாக வேண்டும். கம்ப்யூட்டரில் எடிட்டரைத் திறந்தால், ஜன்னல் லேசாக எட்டிப் பார்த்துவிட்டுக் காணாமல் போனது. மறுபடி திறந்தேன். மறுபடி போனது. கறுப்புத் திரையில் கட்டளை தட்டிப் பார்த்தேன். ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்று இரண்டே வார்த்தை வந்தது. புரோகிராம் தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தில் கை வைத்திருக்கிறது. ஆபரேட்டிங் சிஸ்டம் அதைப் பிடரியில் தட்டி வெளியே தள்ளிவிட்டது என்று அர்த்தம்.

எடிட்டர் என்றதும் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருக்கும் எங்கள் ஆசிரியரை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது எழுத உதவும் சாஃப்ட்வேர். பெயர் ஈமாக்ஸ். 1976-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிறந்தது. பிறகு ரிச்சர்ட் ஸ்டால்மன் புதிதாக எழுதி 1985-ல் வெளியிட்ட க்னூ ஈமாக்ஸ்தான் இன்றுவரை வளர்ந்து வருவது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். காசு கிடையாது. பல தேசங்களில் இருக்கும் தன்னார்வலர்கள் தங்கள் ஓய்வு நேரத்தில் பழுது பார்க்கிறார்கள்.

பி.காம். படித்தவனுக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். நண்பன் ஒருத்தன் என் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தபோது கூடவே வந்தது. பழகிவிட்டேன். இதில் எதையும் நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அதற்கென்று ஒரு ஃபைல் உண்டு. திறக்கும்போதெல்லாம் எடிட்டர் அந்த ஃபைலை வரி வரியாகப் படித்து, நாம் சொன்னபடி தன்னை அலங்கரித்துக்கொண்டுதான் வெளியே வரும். என் ஃபைலில் 640 வரிகள் இருந்தன. அதில் எனக்குப் புரிந்தது நாற்பது வரி இருக்கலாம். மீதியெல்லாம் இன்டர்நெட்டில் யார் யாரோ எழுதி வைத்ததை எடுத்து ஒட்டியது.

இது நடந்தது 2013-ல். அன்று சாயங்காலம்தான் ஈமாக்ஸின் புது வெர்ஷனைப் போட்டிருந்தேன். ஆகவே குற்றவாளி யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வேறொரு சாஃப்ட்வேரில் கட்டுரையை அடித்து அனுப்பிவிட்டு, கையோடு அந்தத் தன்னார்வலர்களுக்கும் ஒரு கடிதம் அடித்தேன். சோதித்துப் பார்க்காமல் இப்படி வெளியிடலாமா, உங்களை நம்பித் தொழில் செய்கிறவனின் கதி என்ன, பொறுப்பு வேண்டாமா என்று மூன்று பாரா. ஈமாக்ஸின் வரவேற்புத் திரையிலேயே ‘உத்தரவாதம் எதுவும் கிடையாது’ என்று எழுதியிருக்கும். தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே போவேன். அந்த ராத்திரியில் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

மறுநாள் பதில் வந்திருந்தது. கோபம் துளியும் இல்லை. ‘மைனஸ் கியூ போட்டுத் திறந்தாலும் விழுகிறதா? விழுந்தால் சொல்லுங்கள், உடனே பார்க்கிறோம். விழாவிட்டால் உங்கள் ஃபைலைப் பாதி பாதியாக நீக்கிப் பாருங்கள்.’ அவ்வளவுதான்.

மைனஸ் கியூ என்பது திறக்கும்போது சேர்த்துக் கொடுக்கும் ஒரு சொல். அதைச் சேர்த்தால் எடிட்டர் நம் ஃபைலைப் படிக்காது. பிறந்த மேனிக்கு வந்து நிற்கும். அதாவது, புகார் கொடுப்பதற்கு முன்னால் உன்னைக் கழித்துவிட்டுப் பார் என்கிறார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. என் மேலேயே சந்தேகமா? வீம்புக்குத்தான் செய்து பார்த்தேன். எடிட்டர் சமர்த்தாகத் திறந்துகொண்டது. வெள்ளை வெளேரென்று, என் வண்ணங்கள் ஒன்றும் இல்லாமல், ஆனால் உயிரோடு.

இந்த இடத்தில் எனக்கு ஜவுளிக்கடை அண்ணாச்சி ஞாபகத்துக்கு வந்தார். பி.காம். முடித்த கையோடு திருநெல்வேலியில் ஒரு கடையில் கணக்கு எழுதப் போனேன். அங்கே தலைமைக் கணக்குப்பிள்ளை அவர். ட்ரயல் பாலன்ஸ் டேலி ஆகாத நாட்களில் நான் பில் போட்டவரைத் திட்டுவேன், கேஷியரைத் திட்டுவேன். அண்ணாச்சி கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். “வித்தியாசம் ஒம்பதால வகுபடுதான்னு பாருடே” என்பார். வகுபட்டால் பெரும்பாலும் 7,200-ஐ 2,700 என்று இலக்கம் மாற்றி எழுதியிருப்பேன். “இல்லையா, அதுல பாதியைத் தேடு” என்பார். டெபிட்டில் எழுத வேண்டியதை கிரெடிட்டில் எழுதினால் வித்தியாசம் இரண்டு மடங்காகக் காட்டும். பத்தில் எட்டு தடவை தப்பு என் கையெழுத்தில்தான் இருந்தது.

பாதி பாதியாகத் தேடுவதிலும் அதே மாதிரி ஒரு கணக்கு உண்டு. ஆயிரம் வரியில் ஒரு வரி கெட்டது என்றால் ஆயிரத்தையும் படிக்க வேண்டியதில்லை. பாதியை நீக்கு. விழுகிறதா? மிச்சத்தில் பாதியை நீக்கு. பத்தே தடவையில் பிடித்துவிடலாம். நம்பிக்கையோடு ஆரம்பித்தேன். மேல்பாதியை மட்டும் வைத்துத் திறந்தேன். நன்றாகத் திறந்தது. ஆகா, அப்படியானால் கீழ்ப்பாதிதான் என்று அதை மட்டும் வைத்துத் திறந்தேன். கீழே ஏதோ ஒரு வரி முணுமுணுப்பு. ஆனால் அதுவும் திறந்தது. இரண்டையும் சேர்த்தால் செத்து விழுந்தது.

இரண்டு பேரும் தனித்தனியாக யோக்கியர்கள். சேர்ந்தால் கொலை.

ஒரு பாதியை அப்படியே வைத்துக்கொண்டு இன்னொன்றை வெட்டி வெட்டிப் பார்த்தேன். பதினைந்து தடவைக்கு மேல் ஆனது. கடைசியில் இரண்டு இடங்கள் சிக்கின. கீழே இருந்தது அன்று சாயங்காலம் நான் ஒட்டிய மூன்று வரி. ‘திறக்கும்போது வழக்கமாகச் செய்வதைச் செய்; அதன் பிறகு இன்றைய தேதியைக் காட்டு’ என்பது அதன் சாரம். எழுதியவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். புது வெர்ஷன் போட்ட குஷியில் நான் இரண்டு தடவை ஒட்டிவிட்டேன். முதல் தடவை ‘வழக்கம்’ என்றால் பழைய வேலை. இரண்டாவது தடவை ஒட்டும்போது ‘வழக்கம்’ என்பது இந்த மூன்று வரியே ஆகிவிட்டது. தன்னையே கூப்பிடும், அது மறுபடி தன்னைக் கூப்பிடும். நான்காம் கவுன்ட்டரில் கேட்டால் ஐந்தாம் கவுன்ட்டர், ஐந்தில் கேட்டால் நான்கு, அந்தக் கதைதான்.

இந்த மாதிரி முட்டாள்தனத்துக்கு ஈமாக்ஸில் ஏற்கெனவே காவல் போட்டிருக்கிறார்கள். ஒரு வேலை இத்தனை ஆழத்துக்கு மேல் உள்ளே உள்ளே கூப்பிட்டுக்கொண்டே போனால், நிறுத்திவிட்டு எச்சரிக்கை காட்டும். கீழ்ப்பாதியைத் தனியாகத் திறந்தபோது கேட்ட முணுமுணுப்பு அதுதான். பிறகு ஏன் விழுந்தது? மேல்பாதியில் விடை இருந்தது. சில வருஷங்களுக்கு முன் இந்த எச்சரிக்கை அடிக்கடி வந்து உயிரை வாங்கியிருக்கிறது. காரணம் தேட எனக்கு நேரமில்லை. அந்த ஆழத்தின் அளவை ஒரு லட்சம் என்று மாற்றிவிட்டேன். அளவை ரொம்ப உயர்த்தினால் நிஜமாகவே இடம் நிரம்பி எடிட்டர் விழுந்துவிடலாம் என்று அதன் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். நான் அதைப் படிக்கவில்லை. பக்கத்தில் என் கைப்படக் குறிப்பு மட்டும் எழுதியிருந்தேன்: ‘தொல்லை ஒழிந்தது.’

கொன்றது மூன்று வரியா, அந்த ஒரு லட்சமா? மூன்று வரி மட்டும் என்றால் ஒரு முணுமுணுப்போடு போயிருக்கும். ஒரு லட்சம் மட்டும் என்றால் எதுவுமே தெரிந்திருக்காது. யார் குற்றவாளி என்று ஒருமையில் கேட்கும்போதே நாம் தப்பு செய்கிறோம் என்று தோன்றுகிறது.

இதைப் படித்துவிட்டு, எல்லாவற்றுக்கும் தன்னையே நொந்துகொள்ளச் சொல்கிறான் என்று நினைக்கக் கூடாது. அடிக்கிற புருஷனோடு இருப்பவளிடம் போய் ‘உன்னைக் கழித்துவிட்டுப் பாரம்மா’ என்று சொல்வது அயோக்கியத்தனம். மைனஸ் கியூ போட்டும் விழுந்தால் தப்பு அந்தப் பக்கம்தான். அப்போது தயங்காமல் புகார் கொடுக்கலாம். அந்தப் புகாருக்கு இரண்டு மடங்கு பலம் இருக்கும். சோதனை என்பது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. புட்டி என்கிற சாஃப்ட்வேரை எழுதிய சைமன் டாட்டம், 1999-ல் புகார் எழுதுவது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதினார். நடந்தது எது, நீயாக யூகித்தது எது என்று பிரித்துச் சொல் என்பது அதில் முக்கியமான புத்திமதி. என் மூன்று பாராவைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். நடந்தது ஒரு வரி. மீதியெல்லாம் யூகமும் வசவும்.

மன்னிப்புக் கேட்டு எழுதினேன். கண்டுபிடித்ததையும் எழுதினேன். இதோடு கதை முடிந்திருந்தால் இந்த வாரம் இதை எழுதியிருக்க மாட்டேன்.

எனக்கு ஒரு தம்பி. ஊரில் அப்பா கட்டிய வீட்டில் இருந்தான். 2011-ல் ஒருநாள் போன் செய்து, “வீட்டை விக்கப் போறேன், கையெழுத்துப் போட வா” என்றான். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நான் கத்த, அவன் கத்த, அதோடு பேச்சு நின்றது. கல்யாணம் ஆனதும் மாறிவிட்டான் என்று சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். புது வெர்ஷன்தானே எப்போதும் குற்றவாளி.

அண்ணாச்சி ஒன்று சொல்வார். எவ்வளவு தேடியும் வித்தியாசம் கிடைக்கவில்லையென்றால் அதை சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம். “ஆனா அது தீர்வு இல்லைடே, தவணை” என்பார். தம்பியை நான் இரண்டு வருஷமாக சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போட்டு வைத்திருந்தேன்.

அவன் எல்லோரோடும் நன்றாகத்தான் பழகுகிறான். நானும் அப்படித்தான் என்று சொல்கிறார்கள். சேர்ந்தால்தான் விழுகிறது. அப்படியானால் என் பாதியில் எந்த வரி? இரண்டு மூன்று நாள் யோசித்தேன். கிடைத்தது.

முன்பெல்லாம் அவன் வாரத்துக்கு இரண்டு தடவை போன் செய்வான். கூரை ஒழுகுது அண்ணே, மாடி வாடகைக்காரர் ரெண்டு மாசமாத் தரலை அண்ணே, கிணத்துச் சுவர் சரிஞ்சிருக்கு அண்ணே. எனக்கு வெள்ளிக்கிழமைக் கெடு. ஒருநாள் சொன்னேன்: “சும்மா சும்மா போன் பண்ணாதடா. பெரிசா ஏதாவதுன்னா மட்டும் சொல்லு.” தம்பி சொல்பேச்சு கேட்கிறவன். அதன் பிறகு நாலு வருஷம் ஒரு புகாரும் இல்லை. தொல்லை ஒழிந்தது என்று நினைத்தேன். நாலு வருஷம் கழித்துப் பெரிசாக ஒன்று சொன்னான்.

அவன் பக்கமும் தப்பு உண்டு. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் அது அவனுடைய ஃபைல். அதைத் திறக்க எனக்கு உரிமை இல்லை. நான் மாற்ற முடிந்தது என் ஒரு லட்சத்தை மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் செய்தேன். நாலைந்து மணி அடித்த பிறகு எடுத்தான்.

“சொல்லுங்க. என்ன விஷயம்?”

“ஒண்ணும் இல்லடா. சும்மாதான் பண்ணினேன்.”

ரொம்ப நேரம் பேச்சில்லை. பிறகு, கூரை இன்னும் ஒழுகுகிறது என்றான்.