மெருகும் மறைவிடமும்

குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டுச் சுடும் துவக்கு போர்க்களத்தை விட்டு நீங்கி ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாகின்றது. 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின்னர், பின்புறத்தால் தோட்டா ஏற்றும் துவக்குகள் அதன் இடத்தைக் கவர்ந்துகொண்டன. பயன் தீர்ந்த கருவி மறைந்தொழிவதே உலக வழக்கு. ஆயின் ஐக்கிய அமெரிக்காவில் இக்கருவி மறையவில்லை. மாலை வேளைகளிலும் விடுமுறை நாள்களிலும் வீட்டுப் பட்டறையிலிருந்து, உளியும் அரமும் கொண்டு அதனைப் புதிதாகச் செய்வோர் இன்றும் பலர். வாய்வழித் துவக்குச் சுடுவோருக்கான தேசிய சங்கம் அங்கு 1933இல் நிறுவப்பட்டது. 1968ஆம் ஆண்டின் துவக்குக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழந்துவக்குகளையும் அவற்றின் படிகளையும் பெரும்பாலும் தன் வரம்புக்குப் புறம்பாக விட்டமையும் இம்முயற்சிக்கு வாய்ப்பாயிற்று.

இஃது ஓய்வுநேர முயற்சியே என ஒதுக்கிவிடலாம். எனினும், ஒரு பொருள் பொய் சொல்லக்கூடுமா, சொல்லுமாயின் செய்தவன் அப்பொய்க்கு எவ்வளவு பொறுப்பாளி என்னும் வினாக்கள் இச்சிறு பட்டறையில் எழுமளவு தெளிவாக வேறிடங்களில் எழுவது அரிது.

இவர்களுட் பலர் விரும்பிச் செய்வது, பதினெட்டாம் நூற்றாண்டிற் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர்ப் பகுதியில் உருப்பெற்ற நீள்துவக்காகும். ஜேர்மனியிலிருந்து குடியேறிய கொல்லர் கொண்டுவந்தது குட்டையான, பெருங்குண்டு இடும் வேட்டைத் துவக்கு. புதிய நாட்டிற் குழல் நீண்டது; துளை சிறுத்தது; மரக்கட்டை மெலிந்தது. குழலினுள்ளே திருகிச் செல்லும் புரிகள், நெய்ப்பூசிய துணித்துண்டிற் பொதிந்த ஈயக்குண்டைச் சுழலச் செய்து நேரே செலுத்தின. சுருள்வரி ஓடும் மேப்பிள் மரத்திலே பித்தளையும் சிலபோது வெள்ளியும் பதித்து அதனை அழகுசெய்தனர்.

அதனை இன்று செய்பவனின் பொழுதைப் பெரிதும் கொள்வது இரும்பை மரத்திற் பதிக்கும் வேலை. குழலை விளக்குப் புகையிற் காட்டிக் கரியேற்றி, மரத்திற் குடைந்த பள்ளத்தில் அழுத்தி எடுப்பர். கரி ஒட்டிய இடம் மேடான இடம். அதனை மட்டும் உளியால் மெல்லச் சீவுவர். மீண்டும் கரி, மீண்டும் அழுத்தல், மீண்டும் சீவல். இரும்புக்கும் மரத்துக்குமிடையே தாளும் நுழையாதவாறு பொருந்தும்வரை இது நீளும். குழலுக்குக் கீழே இடிகோல் செல்வதற்கான நெடுந்துளையை இடுவதோ அச்சந்தரும் வேலை. துளைகருவி சற்றே விலகினும், ஒன்றிற் குழற்பள்ளத்தை உடைத்துக்கொண்டு மேலே வரும். அன்றேற் கட்டையின் அடியாற் புறப்படும். பல கிழமை உழைப்பு ஒரு கணத்தில் விறகாகும். மெருகிடும் நிலையில், இரும்பு கரைந்த நைத்திரிக்கமிலத்தை மரத்திற் பூசி வெப்பங் காட்டுவர். வெளிறிய மேப்பிள் செம்பழுப்பாக மாற, அதன் சுருள்வரிகள் புலிவரிபோல் எழும். அதன்மேல் ஆளிவிதை எண்ணெய் ஏறும். குழலையோ ஈரத்திற் துருப்பிடிக்கச் செய்து, துருவைத் தேய்த்து, மறுபடியும் துருவேற்றி, வேண்டிய பழுப்பு வந்ததும் எண்ணெயிட்டு நிறுத்துவர். இரும்பைத் தின்னும் துருவையே இரும்புக்குப் போர்வையாக்கும் இவ்வுத்தி வியக்கத்தக்கது.

இத்துறையினரிடையே ஒரு பழைய வழக்குண்டு. குழலை விலைக்கு வாங்கி, வார்த்தெடுத்த உறுப்புகளாலான தீப்பொறியெழுப்பும் பொறியைப் பொருத்தி, மரவேலையை மட்டும் செய்தவன் அதனைத் தன் கைவேலையென்று கூறலாமோ? வில்லியம்ஸ்பேர்க் நகரின் பழமைபேண் நிறுவனத்தில் துவக்குக் கொல்லராயிருந்த வலஸ் கஸ்லர், இரும்புப் பட்டையை உலையிற் காய்ச்சிக் குழலாக ஒட்டுவது முதலாக ஒரு துவக்கை அக்கால முறைப்படியே செய்துகாட்டினார். 1969இல் வெளியான திரைப்படமொன்று அதனைப் பதிவுசெய்தது. அத்தகைய முழுமையே நேர்மையின் அளவுகோலென்று கொள்வாரும் உளர். வரலாறு அவர்கள் பக்கம் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டுக் கொல்லரும் ஐரோப்பாவிலிருந்து வந்த பொறிகளை வாங்கிப் பொருத்தினர். குழல்களைக் குழலாலைகளிற் பெற்றனர். யாவற்றையும் தன் கையாலே செய்து முடிக்கும் தனிக்கொல்லன் பழங்காலத்திற் கண்டதைக் காட்டிலும் இக்காலக் கற்பனையிலேதான் மிகுதியாகக் காணப்படுகிறான். வாங்கியதை வாங்கியதென்று சொல்பவனைக் குறைகூற எதுவுமில்லை.

பழமை பூசும் வழக்கம் இவ்வளவு எளிதிற் தீர்வதன்று. புதிதாய்ச் செய்த துவக்கின் விளிம்புகளைத் தேய்த்து, மரத்திற் தழும்பிட்டு, மருந்துத்துளையின் அயலைக் கருக்கி, சிலபோது உடையாத பிடியை உடைந்து செப்பனிட்டதுபோற் காட்டி முடிப்போர் உளர். அருங்காட்சியகப் பொருள்களைக் கண்டு பழகிய கண்ணுக்குப் புத்தம்புதிய துவக்கு அந்நியமாய்த் தோன்றுகிறது என்பது அவர்கள் கூறும் நியாயம். ஆயின் 1770இல் ஒரு குடியானவன் கொல்லனிடமிருந்து பெற்றது புதிய துவக்கையே. அதன் விளிம்புகள் கூர்மையாயிருந்தன; பித்தளை பளிச்சிட்டது. அக்காலக் குழல்களுட் சில துருவேற்றப்படாது வெண்மையாகவே விடப்பட்டன என்று கருதும் ஆய்வாளரும் உளர். எனவே பழமை பூசுபவன் பின்பற்றுவது பழங்கொல்லனை அன்று. கொல்லனின் கைவிட்டகன்றபின் அத்துவக்கைத் தேய்த்த இருநூறாண்டுக் காலத்தையே அவன் பின்பற்றுகிறான். காலத்தின் கைவேலையைத் தன் கைவேலையாகக் காட்டுவது ஒருவகைக் களவு எனின் மிகையாகாது.

வாங்குபவன் அறிந்தே வாங்குகிறான், இதில் ஏமாற்று எங்கேயென்று வினவலாம். முதலில் வாங்குபவனைப் பொறுத்தவரை அவ்விடை போதும். துவக்கோ அவனிலும் நெடுநாள் வாழும். இறந்தவன் வீட்டுப் பொருள் ஏலத்துக்கு வரும்போது, அதனுடன் வாய்மொழியாகச் சொல்லப்பட்ட உண்மை வருவதில்லை. ஆதலாற் தன் பெயரையும் செய்த ஆண்டையும் குழலில் வெட்டுதல் இத்துறையில் ஒழுக்கத்தின் முதற்படியாகின்றது. வருங்காலத்துப் புரட்டர் அனைவருக்கும் செய்தவன் பொறுப்பாகான். எனினும் அரத்தாற் இருமுறை தேய்த்தால் மறையும்படி பெயரை மேலோட்டமாக வெட்டியவனைக் குற்றமற்றவனென்று விடுவித்தல் அரிது.

அத்தழும்புகளில் இன்னொரு குறையும் உண்டு. நீள்துவக்கு மான் வேட்டைக்கு மாத்திரம் பயன்பட்டதன்று. குடியேறிகள் மேற்கு நோக்கிப் பரவிப் பூர்வீகக் குடிகளின் நிலத்தைக் கைக்கொண்டபோது அவர்கள் தோளிற் கிடந்ததும் அதுவே. அக்குடிகளும் அதனை விரும்பிப் பெற்று எதிர்த்துச் சுட்டனர். பட்டறையில் இடப்படும் தழும்பு இவற்றுள் எதனையும் அறியாது. துன்பம் நீக்கிய பழமையொன்றை அது உருவாக்கித் தருகிறது.

கொல்லும் கருவியைச் செய்வதில் நேர்மை பற்றிப் பேசுவதே பொருந்துமா என்ற மறுப்பு இங்கே எழும். அதனைப் புறக்கணித்தல் தகாது. இலங்கையில் இம்மறுப்புக்குக் கண்கூடான சான்றுண்டு. காட்டையண்டிய ஊர்களிலே கள்ளமாய்ச் செய்யப்படும் கட்டுத்துவக்கும் வாய்வழியே மருந்திடும் துவக்குத்தான். காட்டுப்பன்றிக்கென வழியிற் கட்டிய கயிற்றை யானை இடறினாலும் சிறுத்தை இடறினாலும், விறகுக்குச் சென்ற மனிதன் இடறினாலும் அது வெடிக்கும். அதற்கு மெருகில்லை; செய்தவன் பெயரும் இல்லை. யாரைச் சுடுவதென்று தீர்மானிக்கும் மனிதன் அதன் பின்னே நிற்பதுமில்லை. இரண்டும் ஒரே பொறிமுறையே. செய்தவன் தன்னை வெளிப்படுத்தி நிற்கின்றானா, ஒளித்துக்கொள்கின்றானா என்பதிலே அவை வேறுபடுகின்றன. இவ்வேறுபாடு துவக்கைத் தூய பொருளாக்கிவிடாது. ஆயினும் பொறுப்பு என்பது எங்கே தொடங்குகிறதென்பதைக் காட்டும்.

கலையின் நன்மை வேறு, ஒழுக்கத்தின் நன்மை வேறென்று வகுத்தவர் அரிஸ்டோட்டில். அறிந்தே பிழை செய்யும் கலைஞன் அறியாது பிழை செய்பவனிலும் மேலானவன். ஒழுக்கத்திலோ இது தலைகீழாகும் என்பது அவர் கருத்து. தோமஸ் அக்குவைனாஸ் இவ்வேறுபாட்டை விரித்தார். கொழும்பிற் பிறந்து, 1917 முதல் 1947இல் மறையும்வரை பொஸ்டன் அருங்காட்சியகத்திற் பணிபுரிந்த ஆனந்த குமாரசுவாமி இதனை மீள எடுத்துரைத்து, செய்பவன் கலைஞனாகவும் மனிதனாகவும் இருவகையிலும் பொறுப்புடையவனென வற்புறுத்தினார். அரிஸ்டோட்டிலின் வகுப்பு மரச்செதுக்கு வேலைக்குப் பொருந்தும். இலைக்கொடியொன்றை வேண்டுமென்றே கோணலாகச் செதுக்கியவனின் திறமையை எவரும் ஐயுறார். ஆனால் துவக்கின் பின்வாயை அடைக்கும் திருகாணியிடத்து அவ்வகுப்பு நில்லாது. அத்திருகாணியின் முகம் குழலினுள்ளேயுள்ள படியிற் சுற்றிலும் இறுகப் பொருந்துதல் வேண்டும். பொருந்தாவிடின் அவ்விடைவெளியில் எரிந்த மருந்தின் கசடு தங்கி, ஈரத்தை ஈர்த்து, ஆண்டாண்டாக இரும்பை அரிக்கும். சுடுபவனின் கன்னம் அவ்விடத்துக்குச் சில அங்குலத் தொலைவிலேயே இருக்கும். அங்கே அறிந்து விட்ட பிழை அறியாது விட்டதிலும் கொடிது; கலைப்பிழையும் அறப்பிழையும் ஒன்றாகிவிடுகின்றன.

இங்கிலாந்தில் இதனைப் பார்ப்பதற்குப் பிறர் உளர். இலண்டன் துவக்குக் கொல்லர் குழாம் 1637இற் பட்டயம் பெற்றது. பேர்மிங்காமிற் சோதனைச்சாலை 1813ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. மிகைமருந்திட்டுச் சோதித்து முத்திரையிடாத குழலை அங்கு விற்கலாகாது. ஐக்கிய அமெரிக்காவில் அத்தகைய கட்டாயச் சோதனையில்லை. வீட்டுப் பட்டறையில் செய்பவனே சோதிப்பவனுமாகிறான். குழலை விற்பவரே திருகாணியைப் பொருத்தி அனுப்புவதுமுண்டு. கழற்றிப் பாராமலே மரத்திற் பதித்துவிடலாம். பதித்தபின் எவரும் அதனைக் காணப்போவதில்லை. வாங்குபவர் புலிவரியைத் தடவிப் பார்ப்பர், பித்தளையை வியப்பர். திருகாணியின் முகத்தைக் கேட்பவர் அரியர்.

கழற்றிப் பார்ப்பவனும் உளன். மரத்தைப் பதிக்கப் பயன்பட்ட அதே விளக்குக்கரியைத் திருகாணியின் முகத்திற் பூசி, இறுதிவரை முடுக்கி, மீளக் கழற்றி வெளிச்சத்திற் பிடிக்கிறான். கரி வளையம் ஒருபுறத்தே மட்டும் தேய்ந்திருப்பின் அரத்தை எடுக்கிறான்.