தண்ணீர் இருந்தும் வாடும் செடி



தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு. லூக்கா 13-இல், மூன்று ஆண்டுகளாகக் காய்க்காத அத்திமரத்தை உரிமையாளர் வெட்டச் சொல்கிறார். தோட்டக்காரர் இன்னும் ஓராண்டு தவணை கேட்கிறார். என்ன செய்வதாகச் சொல்கிறார்? சுற்றிலும் கொத்துவதாகவும் எரு போடுவதாகவும். தண்ணீரைப் பற்றிப் பேச்சே இல்லை. மழை அந்த மரத்துக்கும் பெய்துகொண்டுதான் இருந்திருக்கும்.

தண்ணீர் இருந்தும் செடி வாடுவதை நம் மாடிகளிலும் பார்க்கலாம். உங்களில் பலர் மாடியில் தானே நீர் எடுத்துக்கொள்ளும் தொட்டி வைத்திருக்கிறீர்கள். பாதியாக அறுத்த நீல டிரம், அடியில் ஜல்லியும் தண்ணீரும், அதன்மேல் துணி விரித்து ஒரு அடி மண். ஈரம் தானாக மேலேறும். விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு வசதிதான். ஆனால் வைத்துவிட்டு மறந்துவிடலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அடியில் தண்ணீர் நிரப்பும் குழாயின் வாயில் வலை கட்டாவிட்டால் டெங்கு கொசு வளரும். அது பெரும்பாலும் நல்ல தண்ணீரில் முட்டையிடும்.

விதை போட்டவர்களுக்குத் தெரியும். அடியில் தண்ணீர் நிறைந்திருக்க, மேலே முளை கருகும். வேர் இன்னும் கீழே எட்டவில்லை. எட்டும்வரை பூவாளியால் மேலே ஊற்றத்தான் வேண்டும். திருமுழுக்குக் கொடுத்தாயிற்று, மறைக்கல்விக்கு அனுப்பியாயிற்று, இனிப் பிள்ளை தானாக வளரும் என்றிருக்கும் பெற்றோரே, ஞானப் பெற்றோரே, இரவில் அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து செபிப்பது யார்?

பிறகு உப்பு. போர்த் தண்ணீர் மண்ணில் ஏறி ஆவியாகும்போது, அதிலுள்ள உப்பு மேலே வெள்ளையாகப் படியும். ஒரு நாளில் தெரியாது. இலை நுனி காயும்போதுதான் கவனிப்போம். அப்போது மேலிருந்து தாராளமாக ஊற்றி, டிரம்மின் பக்கவாட்டில் உள்ள துளை வழியாக உப்புநீரை ஓடவிட வேண்டும். துளை அடைத்திருந்தால் உப்பும் போகாது, வேரும் அழுகும்.

ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருகிறவர்களுக்குள்ளும் இப்படிப் படிகிறது. பாகப்பிரிவினையில் தம்பியோடு நின்றுபோன பேச்சு, திருவிழா வரவு செலவில் வந்த மனக்கசப்பு. இவர்களுக்கு இறைவன் அருளைக் குறைத்துவிடவில்லை. உள்ளே தேங்கியதை வெளியேற்றத்தான் வழி திறக்கவில்லை.

ஆகவே ஒப்புரவு அருளடையாளத்துக்கு இந்த வாரமே வாருங்கள். வருமுன் அந்தத் தம்பிக்கு ஒரு போன் போடுங்கள். புனித வாரத்துக்குத் தள்ளிப்போட வேண்டாம். அப்போது வரிசை நீளமாக இருக்கும்.