மாயத்துக்கும் தரை வேண்டும்

மாயாஜாலப் படம், டிராகன் பறக்கும் தொடர் என்று ராத்திரி முழுக்கக் கண்விழிக்கும் பிள்ளையை, "வேற வேலை இல்லையா?" என்று வைகிறோம். குற்றாலத்துக்குப் பக்கத்து மேலகரத்துக்காரர்கள் மட்டும் அப்படி வையக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கற்பனையில் சூரியனையே சறுக்க வைத்த திரிகூடராசப்பக் கவிராயர் அந்த ஊர்க்காரர்.

18-ஆம் நூற்றாண்டில் அவர் பாடிய குற்றாலக் குறவஞ்சியில் அருவியின் அலை வானம்வரை எழும்புகிறது. அந்த ஈரத்தில் சூரியனின் குதிரைகளுக்குக் கால் வழுக்குகிறது. தேர்ச் சக்கரமும் வழுக்குகிறது. நடக்காத காரியம்தான். ஆனாலும் சீசன் நேரத்தில் குற்றால மெயினருவிப் பாறையில் கால் வைத்த யாரும் அதைப் பொய் என்று தள்ள மாட்டார்கள். வழுக்கல் நிஜம், வழுக்கியவர்தான் கற்பனை.

1957-இல் வந்த ‘மாயா பஜார்’ படத்திலும் இதே கணக்குதான். எஸ்.வி.ரங்காராவின் கடோத்கஜன் முன்னால் கல்யாண விருந்து லட்டுகள் தாமாகவே எழும்பி வாய்க்குள் போகின்றன. மார்க்கஸ் பார்ட்லியின் கேமரா தந்திரம் அது. தந்திரம் தெரிந்த பிறகும் சிரிக்கிறோமே, ஏன்? கல்யாண வீட்டுச் சாப்பாட்டின் மீதுள்ள ஆசை நமக்கும் தெரியும்.

மாயக் கதைகளை ஆசை தீரப் பாருங்கள். முடிந்ததும் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: ‘இதில் நான் அறிந்த உண்மை எது?’ பதில் கிடைத்தால் அது கற்பனை. கிடைக்காவிட்டால் வெறும் கிராஃபிக்ஸ் செலவு.